வேர்ட்பிரஸ் தளத்தில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளம் அமைத்து நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடும் தளம் ஒன்று திடீரென்று படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. காலையில் திறந்தால் வெறும் வெள்ளைத்திரை, அல்லது தளத்தில் கடுமையான பிழை என்று ஒற்றை வரி. உடனே என்ன நடக்கும்? சந்தேகப்பட்ட ப்ளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) அழிப்போம், தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) மாற்றிப் பார்ப்போம், யாரோ எங்கோ கொடுத்த நான்கு வரி நிரலை ஒட்டுவோம், எதுவும் சரிவரவில்லை என்றால் வேர்ட்பிரஸையே மறுபடி நிறுவுவோம். அரை மணி நேரத்தில் முதலில் வந்த கோளாறு எது, நாமே புதிதாக உண்டாக்கியது எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

நான் பார்த்தவரை, பல வருட உழைப்பு கைவிட்டுப் போவது பெரும்பாலும் முதல் கோளாறால் அல்ல, அதைச் சரிசெய்யும் அவசரத்தால்தான். 2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பழைய பி2 மென்பொருளிலிருந்து கிளைத்து வெளியிட்ட நாள் முதலே வேர்ட்பிரஸ் திறமூல மென்பொருள். அதன் ஒவ்வொரு கோப்பையும் யாரும் திறக்கலாம், திருத்தலாம். அந்தச் சுதந்திரம் அருமையானது. ஆனால் எந்தக் கோப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து தொடவேண்டும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் வைத்தியம் பார்ப்பது

முதல் தவறு இதுதான், மற்றவை பலவற்றுக்கும் தாயும் இதுதான். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, ஒரு ப்ளகினோ தீமோ தளத்தைக் கவிழ்த்தால் வேர்ட்பிரஸே நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. எதில் கோளாறு என்று அதில் இருக்கும். மீட்பு முறையில் உள்ளே நுழைய ஓர் இணைப்பும் இருக்கும். அதன் வழியாகப் போனால் அந்தப் ப்ளகின் உங்கள் அமர்வில் மட்டும் நிறுத்திவைக்கப்படும். நிதானமாக உள்ளே போய் என்னவென்று பார்க்கலாம். பலருக்கு இந்தக் கடிதம் வருவதே இல்லை. தளத்தை முதலில் அமைத்துக்கொடுத்தவரின் மின்னஞ்சலே செட்டிங்ஸில் இன்னும் இருக்கும், அல்லது ஹோஸ்டிங்கிலிருந்து (தளத்தை வைத்திருக்கும் சேவையிலிருந்து) அஞ்சல் போகவே போகாது. தளம் நன்றாக இருக்கும்போதே ஜெனரல் செட்டிங்ஸில் போய் அந்த முகவரி உங்களுடையதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

கடிதம் வரவில்லையா? சரி, பிழைகளைக் காட்டும் டீபக் வசதியை இயக்குங்கள். தளத்தின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அதற்கான மாறிலிகள் உள்ளன: ஒன்று பிழை பார்ப்பதை இயக்கும், இன்னொன்று பிழைகளைக் கோப்பில் எழுதவைக்கும், மூன்றாவது திரையில் காட்டலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். முதலாவதை மட்டும் இயக்கிவிட்டு மூன்றாவதை மறப்பது பரவலான தவறு. உங்கள் சர்வரின் ஃபோல்டர் பாதைகளெல்லாம் வருகிற வாசகர் அத்தனை பேருக்கும் தெரியும். திரையில் காட்டுவதை அணைத்துவிட்டு லாக் கோப்பில் (பிழைகள் பதிவாகும் கோப்பில்) மட்டும் எழுதவையுங்கள். அந்தக் கோப்பும் வழக்கமாக டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில்தான் உருவாகும். பல சர்வர்களில் முகவரி தெரிந்தால் யாரும் திறந்து படித்துவிடலாம். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து, அந்த லாக்கையும் நீக்கிவிடுங்கள்.

லாக்கில் ஒவ்வொரு பிழையும் மூன்று விஷயம் சொல்லும்: என்ன பிழை, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி. கோப்பின் பாதையில் ப்ளகின்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் ஃபோல்டர் பெயரே உங்கள் விசாரணையின் தொடக்கம். தொடக்கம் மட்டும்தான். ஹோஸ்டிங் நிறுவனம், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியை 7.4இலிருந்து 8க்கு ஏற்றியிருந்தால், பழைய தீம் ஒன்று வெற்று மதிப்பை அனுப்பி, அதை வாங்கிய ப்ளகின் விழுந்திருக்கலாம். முன்பு எச்சரிக்கையோடு போன பல விஷயங்கள் பிஎச்பி 8இல் தளத்தையே நிறுத்தும் பிழைகள். பழைய தீம்களில் நிறையப் புழங்கிய சில செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) அதில் அடியோடு நீக்கப்பட்டும் விட்டன. 'நான் எதையுமே தொடவில்லை, தானாக நின்றுவிட்டது' என்று யாராவது சொன்னால், முதலில் கேட்கவேண்டியது பிஎச்பி பதிப்பு மாறியதா என்றுதான்.

அழிப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு

ப்ளகினை டீஆக்டிவேட் செய்தால் அதன் அமைப்புகளும் தரவும் பொதுவாக அப்படியே இருக்கும். டிலீட் செய்தால் அந்த உறுதி கிடையாது. தன்னை நீக்கும்போது தன் தரவையும் சேர்த்துத் துடைக்கும்படி எழுதப்பட்ட ப்ளகின்கள் நிறைய. படிவங்களில் வாசகர்கள் அனுப்பிய செய்திகள், கடையின் அமைப்புகள் எல்லாம் அப்படிப் போனால் பேக்கப் இல்லாமல் திரும்ப வராது. ஆகவே சோதனைக்காக எதையும் டிலீட் செய்யாதீர்கள்.

டேஷ்போர்டுக்குள்ளேயே (நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே) போக முடியவில்லை என்றால், எஃப்டிபி (சர்வரில் உள்ள கோப்புகளைக் கையாளும் வழி) மூலமாகவோ ஹோஸ்டிங் தரும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தின் ஃபைல் மேனேஜர் வழியாகவோ சந்தேகத்துக்குரிய ப்ளகினின் ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றுங்கள். மொத்த ப்ளகின்ஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றலாம் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் வேலைசெய்யும்தான். ஆனால் அந்த நிலையில் டேஷ்போர்டில் ப்ளகின்கள் பக்கத்தைத் திறந்தால், கோப்புகளைக் காணோம் என்று வேர்ட்பிரஸ் அத்தனையையும் அணைத்துவிடும். எவை முன்பு ஓடிக்கொண்டிருந்தன என்று நீங்கள்தான் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக இயக்கவேண்டும். வாசகர்கள் வந்துபோகும் தளம் என்றால் 'ஹெல்த் செக் அண்ட் ட்ரபுள்ஷூட்டிங்' என்ற ப்ளகினைப் பயன்படுத்துங்கள். எல்லா ப்ளகின்களும் அணைந்த நிலையை அது உங்களுக்கு மட்டும் காட்டும். வாசகருக்குத் தளம் வழக்கம்போலவே தெரியும். ஒன்றை இயக்கு, பார், அப்புறம் அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது மறுபடி குழம்பும்.

பேக்கப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோப்புகள் ஒரு பாதி, டேட்டாபேஸ் மறு பாதி. பதிவுகள் எல்லாம் டேட்டாபேஸில், படங்கள் எல்லாம் கோப்புகளில். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். இரண்டையும் எடுத்து, அதே சர்வரில் வைக்காமல் வேறெங்காவது வையுங்கள்.

தீமில் செய்யும் மாற்றங்கள்

தீமின் கோப்பில் நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். அதற்காகச் சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) அமைப்பார்கள். அங்கே வேறு தவறுகள் காத்திருக்கின்றன. பேரன்ட் தீமின், அதாவது மூலத் தீமின், ஃபங்ஷன்ஸ் கோப்பை அப்படியே நகலெடுத்துச் சைல்டுக்குள் போடுவது அதில் ஒன்று. பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட் கோப்புகளுக்கு அது சரி. சைல்டில் அதே பெயரில் கோப்பு இருந்தால் அதுவே எடுத்துக்கொள்ளப்படும். ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. இரண்டுமே ஏற்றப்படும், முதலில் சைல்டு, பிறகு பேரன்ட். ஒரே பெயரில் செயற்கூறு இரண்டு தடவை வந்தால் பிஎச்பி அங்கேயே நின்றுவிடும். சைல்டின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் நீங்கள் புதிதாகச் சேர்ப்பது மட்டுமே இருக்கவேண்டும்.

இன்னொன்று, சைல்டு தீமை இயக்கியதும் லோகோ, கூடுதல் சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்ற நாம் சேர்த்த வரிகள்) எல்லாம் காணாமல்போய் மனது பதறும். எதுவும் அழியவில்லை. கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் திரையில்) செய்யும் இந்த அமைப்புகள் தீமின் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. சைல்டு என்பது வேர்ட்பிரஸுக்குப் புதுத் தீம். பழையதற்குத் திரும்பினால் எல்லாம் அங்கேயே இருக்கும். சைல்டு தேவைப்படும் என்று தெரிந்தால் தளம் கட்டும் முதல் நாளிலேயே அமைத்துவிடுவது நல்லது. நிறம், எழுத்தளவு போன்ற சின்ன விஷயங்களுக்குச் சைல்டே வேண்டாம், கூடுதல் சிஎஸ்எஸ் போதும்.

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்புக்குப் பிறகு, பக்கத்தின் எல்லாப் பகுதிகளும் பிளாக் என்ற துண்டுகளால் ஆன பிளாக் தீம்கள் பெருகிவிட்டன. அவற்றோடு புதுக் குழப்பமும் வந்தது. டெம்ப்ளேட் கோப்பைத் திருத்திச் சேமிப்பார்கள், தளத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கேஷ் (சேமித்துவைத்த பழைய பிரதி) பிரச்சினை என்று நினைத்து எல்லாக் கேஷையும் துடைப்பார்கள். காரணம் வேறு: அந்த டெம்ப்ளேட்டை யாராவது ஒருமுறை சைட் எடிட்டரில் (டேஷ்போர்டிலேயே டெம்ப்ளேட்டைத் திருத்தும் இடத்தில்) திருத்திச் சேமித்திருந்தால் அந்தப் பிரதி டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு கோப்பை வேர்ட்பிரஸ் பார்ப்பதில்லை. சைட் எடிட்டரிலேயே போய் அந்த டெம்ப்ளேட்டை ரீசெட் செய்தால் கோப்பில் இருப்பது வெளியே வரும். ரீசெட் செய்யும் முன் அதிலுள்ள திருத்தங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி மாற்றும்போது

ஜெனரல் செட்டிங்ஸில் தள முகவரியைத் தவறாக மாற்றி, உள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. அதற்கு மருந்து எளிது. டபிள்யூபி-கான்ஃபிக்கில் இரண்டு முகவரி மாறிலிகளையும் சரியாக எழுதினால் திறந்துவிடும். பெரிய சேதம் வேறிடத்தில் நடக்கிறது. டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்கி, எடிட்டரில் திறந்து, எச்டிடிபி என்று தொடங்கும் முகவரிகளையெல்லாம் ஒரே வீச்சில் எச்டிடிபிஎஸ் என்று மாற்றி மறுபடி ஏற்றுவார்கள். பதிவுகள் சரியாகவே வரும். விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஏன் என்றால், அமைப்புகள் பலவற்றை வேர்ட்பிரஸ் சீரியலைஸ் செய்த வடிவில், அதாவது பல மதிப்புகளை ஒரே சரமாக்கி, சேமிக்கிறது. முகவரியை எழுதும் முன் அதன் நீளத்தையும் எழுதிவைக்கும்: 21 என்று ஓர் எண், அடுத்து 21 எழுத்துள்ள முகவரி. நீங்கள் ஓர் எழுத்தைச் சேர்த்ததும் முகவரி 22 ஆகிவிடும். எண் 21ஆகவே நிற்கும். கணக்கு ஒத்துவராததால் பிஎச்பி அந்தத் தொகுப்பு முழுவதையும் படிக்க மறுத்துவிடும். வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளையும் 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' ப்ளகினும் அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்துகின்றன. இரண்டிலும் எதையும் மாற்றாமல் முன்னோட்டம் பார்க்கும் வசதி உண்டு. முதலில் அதை ஓட்டிப்பாருங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. முகப்பு மட்டும் திறந்து மற்ற பக்கங்களெல்லாம் 404 என்று வந்தால், செட்டிங்ஸில் உள்ள பெர்மாலிங்க்ஸ் (பக்க முகவரி அமைப்பு) பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். 'பராமரிப்பில் உள்ளது' என்ற செய்தி நகராமல் நின்றால், தளத்தின் மூல ஃபோல்டரில் மெயின்டனன்ஸ் என்ற மறைகோப்பு இருக்கும், அதை நீக்கலாம். அனுமதிப் பிழை வந்தால் 777 (யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) போட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. விலைக்கு விற்கும் ப்ளகினை இலவசமாகத் தரும் 'நல்டு' பிரதிகளைத் தொடாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அப்டேட்டும் வராது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

தமிழ்த் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியாக்கத்தில்) 3 பைட். முகவரியில் குறியாக்கப்படும்போது அது 9 எழுத்தாகிறது. முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் தரும் இடமோ 200 எழுத்து. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். 'கருணைக்கிழங்கு மசியல் செய்வது எப்படி' என்று தலைப்பு வையுங்கள். முகவரி 'கருணைக்கிழங்கு-மசியல்-செ' என்று பாதியில் நிற்கும். இதைப் பிழை என்று நினைத்து ப்ளகின் தேடி அலையவேண்டாம். வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தில் நீங்களே சுருக்கமாக ஒன்றை எழுதிவிடுங்கள்.

தீம் வாங்கும்போது அதன் மாதிரிப் பக்கம் ஆங்கிலத்தில் அழகாக இருக்கும். நம் எழுத்தை இட்டதும் வரிகள் முட்டும். எழுத்தின் மேலே நீளும் வளைவும் கீழே இறங்கும் சுழியும் பக்கத்து வரியைத் தொடும். ஆங்கிலத்துக்கென்று குறுக்கிய வரி உயரமும், தலைப்புகளுக்குக் கொடுத்த எழுத்து இடைவெளியும்தான் காரணம். கூடுதல் சிஎஸ்எஸில் வரி உயரத்தை 1.7 அளவுக்கு உயர்த்தி, எழுத்து இடைவெளியைச் சுழியமாக்கி, தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் பக்கம் படிக்கும்படி ஆகிவிடும்.

கடைசியாக, பழைய தளங்கள். 2007க்கு முன் தொடங்கிய சில தளங்களில் டேட்டாபேஸ் லத்தீன்-1 (ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று குறிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருப்பதோ யூடிஎஃப்-8 தமிழ். தளத்தில் தமிழ் சரியாகத் தெரியும். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பி-மைஅட்மினில் பார்த்தால் புரியாத குறிகளாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நேரடியாக யூடிஎஃப்-8 ஆக மாற்றினால், அந்தக் குறிகளே உண்மையான எழுத்தாக மாறிவிடும். டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் ஆன்சி வடிவில் (தமிழுக்கு இடமில்லாத பழைய குறியாக்கத்தில்) சேமித்தால் இன்னும் மோசம், தமிழெல்லாம் கேள்விக்குறியாகும். கேள்விக்குறியாகச் சேமித்ததை எவராலும் திரும்ப எடுக்க முடியாது. சரியான வழி, டேட்டாபேஸ் அட்டவணையில் அந்த நெடுவரிசையை (காலத்தை) முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4க்கு (டேட்டாபேஸில் முழு யூடிஎஃப்-8க்கான பெயர்) மாற்றுவது. இடையில் பைனரி இருப்பதால் பைட்டுகள் தொடப்படாமல் பெயர்ப்பலகை மட்டும் மாறும். இதை டேட்டாபேஸின் ஒரு பிரதியில் செய்து, மிகப் பழைய பதிவு ஒன்றையும் அதன் மறுமொழிகளையும் திறந்து தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அசலில் செய்யுங்கள்.