பயணத்துறை வருமானத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூருக்கு 2019இல் 19.1 மில்லியன் வருகையாளர்கள் வந்தனர். பயணத்துறை வருமானம் 27.7 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024இல் வந்தவர்கள் 16.5 மில்லியன் பேர்தான் என்றாலும், வருமானம் 29.8 பில்லியன் வெள்ளியாகி முன்னில்லாத உச்சத்தைத் தொட்டது. இதைப் பார்த்தவுடன் துறை பழைய நிலையைத் தாண்டிவிட்டது என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. வருமானம் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடிய அதே காலத்தில், இங்குப் பயனீட்டாளர் விலைகள் 15 விழுக்காட்டுக்கும் மேல் ஏறின. ஆளுக்கு ஆன செலவு சுமார் 1,450 வெள்ளியிலிருந்து 1,800 வெள்ளியாகக் கூடியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் விலைவாசியே.

நாணய மாற்றைக் கவனிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகள் 2019இல் 4.8 டிரில்லியன் யென்னும், 2024இல் 8.1 டிரில்லியன் யென்னும் செலவிட்டனர். யென் கணக்கில் இது 69 விழுக்காட்டு வளர்ச்சி. ஆனால் 2019இல் சராசரியாக 109 யென்னுக்குக் கிடைத்த அமெரிக்க டாலர், 2024இல் 151 யென்னாகிவிட்டதால், டாலர் கணக்கில் வளர்ச்சி 22 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. எந்தப் பணத்தில் கணக்கிட்டது என்று சொல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வட்டாரங்களை வரிசைப்படுத்துவதும் ஏமாற்றும். சீனா தன் எல்லையை 2023 ஜனவரியில்தான் திறந்தது என்பதால், ஆசியாவின் அவ்வாண்டு வளர்ச்சி விகிதம் ஐரோப்பாவைவிடப் பெரிதாகத் தெரிவது இயல்பு; 2019ஐ அடிப்படையாக வைத்தால்தான் யார் மீண்டார்கள் என்பது புலப்படும்.

வருமானத்தில் எது சேர்கிறது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்சில் வருபவர் தேக்கா கடைகளில் வாங்கும் சேலை எல்லாக் கணக்கிலும் உண்டு. அவருடைய விமானக் கட்டணத்தைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் சேர்த்துக்கொள்கிறது. ஐநா சுற்றுலா அமைப்பின் ‘வருமானம்’ என்னும் பிரிவோ அனைத்துலகப் பயணக் கட்டணத்தை விட்டுவிடுகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால் கணக்குப் பிசகும்.

வட்டார எல்லைகளும் நிலப்படத்தைப் பின்பற்றுவதில்லை. ஐநா அமைப்பின் பட்டியலில் எகிப்து மத்திய கிழக்கிலும், துருக்கியும் மத்திய ஆசிய நாடுகளும் ஐரோப்பாவிலும் இடம்பெறுகின்றன. ஆகவே அதன் ‘ஆப்பிரிக்க வருமானம்’ என்ற வரியில் எகிப்தின் பிரமிடுகளைக் காணச் செல்வோரின் செலவு சேர்வதே இல்லை.