ஜெனரல் ஸ்டடீஸ் டிகிரி: கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது எப்படி?

ஒரே துறையை முக்கியப் பாடமாக (மேஜர்) எடுப்பவருக்கு எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்ற பட்டியலைத் துறையே கையில் கொடுத்துவிடும். பல துறைப் பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் பட்டமான ஜெனரல் ஸ்டடீஸில் அந்தப் பட்டியலை நீங்களே எழுத வேண்டும். தவறான பாடத்தில் சேர்ந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். கிரெடிட் (பாடத்தை முடித்தால் கணக்கில் சேரும் புள்ளி) ஏறிக்கொண்டே போகும்; பட்டம் வாங்கும் நேரத்தில்தான் அதில் பாதி வேண்டாத இடத்தில் குவிந்திருப்பது தெரியும். அதனால் திட்டத்தை முதல் செமஸ்டரிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். கடைசி ஆண்டை முதலில் நிரப்பிவிட்டு, அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

முதலில் நான்கு எண்கள்

நீங்கள் சேர்ந்த ஆண்டின் பல்கலைக்கழகக் கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் பிறகு மாறினாலும் பெரும்பாலும் சேர்ந்த ஆண்டின் கையேடே உங்களுக்குப் பொருந்தும். இடையில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பினால் புதிய கையேட்டுக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அதிலிருந்து நான்கு எண்களை எடுத்து எழுதுங்கள்.

ஒன்று, மொத்த கிரெடிட். அமெரிக்க முறையில் வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட். ஐரோப்பிய முறையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் அலகு). அதில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இரண்டாவது, மேல்நிலைப் பாடங்களில் (பட்டப்படிப்பின் பிற்பகுதிக்கான பாடங்கள்) எடுக்க வேண்டிய குறைந்தபட்சம். 120 கிரெடிட் பட்டத்தில் இது பல இடங்களில் 30 முதல் 45 வரை இருக்கும். பாட எண் 300, 400 என்று தொடங்குபவை பொதுவாக இந்த வகை. மூன்றாவது, பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே படித்தாக வேண்டிய கிரெடிட். 30 என்பது பரவலான அளவு. நான்காவது, ஒரே துறையிலிருந்து எத்தனை கிரெடிட் வரை ஏற்பார்கள், எந்த கிரேடுக்குக் கீழே கணக்கில் சேராது என்பது.

மேல்நிலைப் பாடங்கள்

பட்டம் தள்ளிப்போவது பெரும்பாலும் இங்கேதான். மேல்நிலைப் பாடம் ஒன்று நேரடியாகக் கிடைக்காது. உளவியலில் ஆராய்ச்சி முறைகள் படிக்கப் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும். புள்ளியியலில் சேர அல்ஜீப்ரா முடித்திருக்கவோ கணிதத் தகுதித் தேர்வில் தேறவோ வேண்டும். ஆக ஒரு பாடத்துக்கு முன்னால் இரண்டு செமஸ்டர் போய்விடுகிறது. போதாததற்கு, சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, சில இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடக்கும். அப்படிப்பட்ட ஒன்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் முடிந்தும் அதற்காக மட்டும் ஓர் ஆண்டு காத்திருக்க நேரிடும்.

ஒரு பெரிய தாளை எடுத்து வலது ஓரத்தில் நீங்கள் படிக்க விரும்பும் 12 மேல்நிலைப் பாடங்களை எழுதுங்கள். பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 36 வரும். உங்கள் பல்கலைக்கழகம் 45 கேட்டால் 15 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் அதன் முன்தேவைப் பாடங்களை எழுதி, கோடு போட்டு இணையுங்கள். பல பாடங்களின் கோடுகள் ஒரே அறிமுகப் பாடத்தில் வந்து சேர்ந்தால் திட்டம் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில் போனால் சிதறிவிட்டது. கணக்கு எளிது: 12 பாடங்களை இரண்டு துறைகளில் ஆறு ஆறாக எடுத்தால், துறைக்கு மூன்று முன்தேவை வைத்தாலும் ஆறு பாடங்களில் முடியும். அதையே ஆறு துறைகளில் இரண்டிரண்டாக எடுத்தால் முன்தேவை மட்டும் 12க்கு மேல் போகும்.

கடைசி நான்கு செமஸ்டர்களில் மூன்று மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே செமஸ்டரில் ஐந்து மேல்நிலைப் பாடங்களைத் திணிப்பவர்கள் பாடம் கடினமாக இருப்பதால் தடுமாறுவதில்லை. ஐந்து நீண்ட கட்டுரைகளுக்கும் கடைசி வாரமே கெடு என்பதால் தடுமாறுகிறார்கள்.

துறைகளை வேலையிலிருந்து தேர்ந்தெடுங்கள்

துறைகளை முடிவு செய்யும் முன், உங்களை ஈர்க்கும் இரண்டு வேலைப் பெயர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து என மொத்தம் 20 வேலை விளம்பரங்களைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றும் கேட்கும் திறன்களை எக்செலில் வரிசையாகப் பதிந்து எண்ணுங்கள். எட்டு விளம்பரங்களுக்கு மேல் வரும் எதுவும் திட்டத்தில் இருந்தாக வேண்டும். அதைப் பாடமாகப் படிக்கலாமா, தானாகக் கற்கலாமா, வேலையில் இறங்கினால்தான் வருமா என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு துறைகள் போதும். மூன்று என்பது உச்சம். ஒன்று பேசுபொருளையும் மற்றொன்று கருவியையும் தந்தால் சேர்க்கை வலுவாகும்: சமூகவியலோடு புள்ளியியல், சுற்றுச்சூழலோடு தொழில்முறை எழுத்து, உளவியலோடு மேலாண்மை. திட்ட ஒருங்கிணைப்பு, மனிதவளம், தொண்டு நிறுவன நிர்வாகம், விற்பனை, தகவல் தொடர்பு போன்ற வேலைகளுக்கு இந்தப் பட்டம் பொருந்தும். செவிலியர், பொறியாளர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட அதே துறைப் படிப்பைத்தான் கேட்பார்கள். அங்கே போக நினைப்பவர் வளைந்து கொடுக்கும் பட்டத்தில் காலத்தைச் செலவிடுவதைவிட இப்போதே மாறிவிடுவது நல்லது. முதுநிலைக்கும் இதேபோல முன்கூட்டியே பாருங்கள். எம்பிஏ பெரும்பாலும் எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்கும். உளவியல் முதுநிலையோ புள்ளியியலையும் ஆராய்ச்சி முறைகளையும் தேடும்.

வெளியிலிருந்து வரும் கிரெடிட்

வேறு கல்லூரியில் படித்ததைக் கொண்டு வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் குவார்ட்டர் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்) கணக்கு. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். 4 குவார்ட்டர் கிரெடிட் பாடம் மாறி வரும்போது 2.67 ஆகிறது, பட்டத் தேவைப் பட்டியலில் 3 கிரெடிட் கேட்கும் கட்டத்தை அது முழுதாக நிரப்பாமல் போகலாம். இன்னொரு பொறி, “ஏற்றுக்கொண்டோம்” என்ற சொல். பாடத்தைப் பொது எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) ஏற்றிருந்தால் மொத்த எண்ணிக்கை கூடும், தேவையான கட்டம் காலியாகவே இருக்கும். பழைய பாடங்களின் சிலபஸைப் பத்திரப்படுத்துங்கள். மறுபரிசீலனை கேட்க அதுதான் ஆதாரம். வகுப்புக்குப் போகாமல் கிரெடிட் பெற உதவும் சிஎல்இபி என்ற அமெரிக்கத் தேர்வு போன்றவற்றில் 50 மதிப்பெண் எடுத்து கிரெடிட் பெறலாம் என்றாலும், அவை பெரும்பாலும் கீழ்நிலை கிரெடிட்கள். மேல்நிலைக் கணக்குக்கு உதவாது.

ஆலோசகர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதத்தை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி கேளுங்கள். ஆலோசகர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் இருக்கும்.

வேலைக்கான தயாரிப்பு

ஒவ்வொரு மேல்நிலைப் பாடத்திலும் செய்த ஒரு வேலையைத் தனியாக எடுத்து வையுங்கள். பேராசிரியர் கொடுத்த குறிப்புகளை வைத்துத் திருத்தி எழுதினால், முடிக்கும்போது காட்டத்தக்க நான்கைந்து படைப்புகள் தேறும். இறுதித் திட்டப் பணிக்கான தலைப்பை அந்த எக்செல் பட்டியலிலிருந்து எடுங்கள். இரண்டாம் ஆண்டு முடியும் விடுமுறைக்குள் முதல் இன்டர்ன்ஷிப் அமைய வேண்டும். பல நிறுவனங்கள் மாதக்கணக்கில் முன்பே ஆளெடுத்துவிடும்.

ரெஸ்யூமேயில் “ஜெனரல் ஸ்டடீஸ்” என்று மட்டும் எழுதி விடாதீர்கள். படிப்பவருக்கு அது எதையும் சொல்லாது. அதன் கீழேயே இரண்டு துறைகளையும் கிரெடிட்டையும் எழுதுங்கள்: “முக்கியப் பகுதிகள்: சமூகவியல் 24 கிரெடிட், புள்ளியியல் 18 கிரெடிட்.” இல்லாத மேஜரை எழுதுவது மட்டும் கூடாது, டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) சரிபார்ப்பில் தெரிந்துவிடும். நேர்காணலில் ஏன் இந்தப் பட்டம் என்று கேட்பார்கள். “முடிவு செய்ய முடியவில்லை” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சரியும். எந்த வேலைக்காக எந்த இரண்டு துறைகளைச் சேர்த்தீர்கள், அதில் என்ன செய்து காட்டினீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு செமஸ்டரும் பாடப்பதிவுக்கு முந்தைய வாரம் எந்தத் தேவை முடிந்தது, எது மீதி என்று காட்டும் டிகிரி ஆடிட் அறிக்கையை எடுத்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். கடைசிக்கு முந்தைய செமஸ்டரில் எடுக்கும் அறிக்கைதான் முக்கியம். ஒரு கட்டம் காலியாகத் தெரிந்தாலும் அதை நிரப்ப இன்னும் ஒரு பதிவு வாய்ப்பு கையில் இருக்கும். பட்டத்துக்கான விண்ணப்பக் கெடுவையும் அன்றே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அது வகுப்புகள் முடிவதற்குப் பல மாதம் முன்பே வந்துவிடும்.