ஜெர்மனி விடுதியில் இன்டர்நெட்: முதல் வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

வந்து இறங்கியதும் வீட்டோடு வீடியோ கால் பேசும் அவசரத்தில் பலர் நேராக மொபைல் கடைக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் காட்டும் விலை பெரும்பாலும் முதல் சில மாதத்துக்கு மட்டும்தான். ஒப்பந்தமோ 24 மாதம். உங்கள் மாஸ்டர்ஸ் படிப்பே அவ்வளவுதான், நடுவில் இரண்டு முறையாவது அறை மாறுவீர்கள்.

முதல் நாட்களுக்கு ஆல்டி, லிடில் மாதிரி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ப்ரீபெய்ட் சிம் போதும். 2017லிருந்து அடையாளம் சரிபார்க்காமல் சிம் ஆக்டிவேட் ஆகாது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். யூனிவர்சிட்டி ஐடி வந்த அன்றே, கேம்பஸில் உட்கார்ந்தே, யூனிவர்சிட்டிகளுக்கெல்லாம் பொதுவான வைஃபையான எடுரோமைப் போனிலும் லேப்டாப்பிலும் போட்டுவிடுங்கள். வேறு ஊர் யூனிவர்சிட்டிக்குப் போனாலும் அதே பாஸ்வேர்டில் வேலை செய்யும்.

அடுத்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மாணவர் நலன் பார்க்கும் அமைப்பான ஸ்டுடீரெண்டன்வெர்க் நடத்தும் விடுதிகள் பலவற்றில் நெட் வாடகையிலேயே அடங்கிவிடும். சில ஊர்களில் மாணவர்களே சங்கம் வைத்து நெட்வொர்க் நடத்துகிறார்கள். ட்ரெஸ்டனில் ஏ.ஜி. டி.எஸ்.என்., ஸ்டுட்கார்ட்டில் செல்ஃப்நெட். தனியாக ஒரு கனெக்ஷன் எடுப்பதோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்காத சக மாணவர்கள். கஸ்டமர் கேரிடம் எகிறுவது போல எகிறாதீர்கள்.

பல அறைகளில் வைஃபை இருக்காது, சுவரில் ஒரு லேன் சாக்கெட் மட்டும்தான். போனுக்கும் நெட் வேண்டுமென்றால் சொந்த ரவுட்டர் வாங்க வேண்டும், பழையதே போதும். வாங்குமுன் விடுதி நெட்வொர்க் விதியில் ரவுட்டருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். சுவரிலிருந்து வரும் கேபிளை 'WAN' (வான்) என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். நான் வந்த புதிதில் பக்கத்திலிருந்த லேன் துளையில் செருகிவிட்டேன். விடுதி நெட்வொர்க் தர வேண்டிய ஐபி முகவரியை, அதாவது நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்ணை, என் ரவுட்டர் மொத்த மாடிக்கும் விநியோகிக்க ஆரம்பித்தது. பரீட்சை வாரம் வேறு. பக்கத்து அறைகளில் நெட் போய், கடைசியில் என் சாக்கெட்டையே அடைத்துவிட்டார்கள். கையில் பேப்பர் கப்போடு நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டீ ஊற்றினேன்.

தனி வீடோ, பலர் சேர்ந்து தங்கும் பகிர்வு வீடான வே.கே.யோ (WG) எடுத்தால்தான் சொந்த கனெக்ஷன். 12 மாத ஒப்பந்தம் ஒன்றையும் கம்பெனிகள் தந்தாக வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்சக் காலம் முடிந்தபின் ஒரு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம். 2021 டிசம்பரிலிருந்து இப்படி. உங்கள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்த கொஞ்ச நாளில் மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். அது நெட் பில் இல்லை, ரேடியோ-டிவி கட்டணம். வீட்டுக்கு ஒன்றுதான், வே.கே.யில் ஒருவர் கட்டினால் போதும்.

கடைசியாக டோரண்ட். வெள்ளிக்கிழமை ரிலீஸான படம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே என்று இங்கே இறக்காதீர்கள். டோரண்டில் இறக்கும்போதே நீங்கள் அடுத்தவருக்கு ஏற்றியும் கொடுக்கிறீர்கள். வக்கீல்கள் பிடிப்பது அதைத்தான். ஐபியை வைத்து கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அப்மானுங் என்ற வக்கீல் எச்சரிக்கைக் கடிதம் வரும், கேட்கும் தொகை பல நூறு யூரோ. வந்துவிட்டால் பயந்து பணம் கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். கூடவே வைத்திருக்கும், 'இனி செய்யமாட்டேன்' என்ற உறுதிமொழித் தாளில் உடனே கையெழுத்தும் வேண்டாம். கடிதத்தில் உள்ள கெடு தேதிக்குள் மாணவர் சங்கத்தின் சட்ட ஆலோசனைக்கு எடுத்துப் போங்கள், பல யூனிவர்சிட்டிகளில் அது இலவசம்.