சிறிய கேபினெட்டுக்குள் லிக்விட் கூலர்: ரேடியேட்டர் மாட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராசசரின் சூட்டைத் தண்ணீர் வழியே ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் விசிறியால் வெளியேற்றுவதுதான் லிக்விட் கூலர். அதன் பெட்டியின் மேல் 240 என்று அச்சிட்டிருப்பது ரேடியேட்டரின் நீளம் அல்ல. 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு அதில் உட்காரும் என்பதற்கான கணக்கு அது. இரு முனையிலும் தண்ணீர் திரும்பிப் போகும் சிறு தொட்டிகளையும் சேர்த்து அளந்தால் நீளம் 275 மில்லிமீட்டரை எட்டிவிடும். 280 என்பது 315 வரை போகும்; 360 என்பது 395-ஐ ஒட்டி நிற்கும். சிறிய கேபினெட்டை வாங்கி வைத்துக்கொண்டு கூலர் உள்ளே போகாமல் தவிப்பவர்கள் பலரும் இந்த எண்ணை நம்பித்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் பம்புக்கும் வால்வுக்கும் முப்பரிமாண வரைபடம் போடும் பொறியாளர்கள், திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்ட் வடிவமைப்பவர்கள், விடுதி அறையில் விளையாடும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வேகமான ப்ராசசர் வேண்டும். மேசையில் இடம் மட்டும் இல்லை. "அண்ணா, இருப்பதிலேயே பெரிய ரேடியேட்டரைப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். போடலாம். அதற்கு முன்பு, அதை வைத்த பிறகு உள்ளே எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது தெரிந்திருக்க வேண்டும். காற்று வர வேண்டும், காற்று போக வேண்டும், குழாய் மடங்காமல் வளைய வேண்டும், கை உள்ளே நுழைய வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு இடம் இல்லாவிட்டாலும் பெரிய ரேடியேட்டரால் பயன் இல்லை.

நீளத்தைச் சரியாக அளப்பவர்கள்கூடத் தடிமனில் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான ரேடியேட்டர்கள் 27 மில்லிமீட்டர் தடிமன். அதன் மேல் விசிறி 25. இரண்டும் சேர்ந்தால் 52. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் வரிசையில் ரேடியேட்டர் மட்டுமே 38 மில்லிமீட்டர், விசிறியோடு 63. இந்த 11 மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய கேபினெட்டில் கண்ணுக்கே தெரியாது. சிறிய கேபினெட்டில் வேலை நடக்குமா, நின்றுபோகுமா என்பதையே அது முடிவு செய்துவிடும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. கூலர் வாங்கும் முன், வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி 277 மில்லிமீட்டர் நீளம், 120 அகலத்தில் துண்டுகள் எடுத்து, 52 உயரம் வரும் வரை அடுக்கி ஒட்டுங்கள். மதர்போர்டும் ரேமும் கிராபிக்ஸ் கார்டும் மாட்டிய கேபினெட்டுக்குள் அந்த அட்டைக் கட்டையை வைத்துப் பாருங்கள். எது இடிக்கிறது, எந்தக் கம்பி நசுங்குகிறது, ஸ்க்ரூடிரைவர் எங்கே நுழையாது என்று எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அட்டையில் ஒரு முனையில் குழாய் வரும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மேலே மாட்டும்போது இடிப்பவை

மேல் தகட்டின் அடியில் ரேடியேட்டரைத் தொங்கவிடுவதுதான் பலரும் விரும்பும் முறை. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் மேல் தகட்டுக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். 35 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரும் விசிறியும் 52. மீதி 17 மில்லிமீட்டர் மதர்போர்டின் முன்னால் கீழிறங்கி நிற்கும். அந்த 17 மில்லிமீட்டர் பட்டையில் என்னென்ன துருத்திக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கேள்வி. இடது மூலையில் ப்ராசசருக்கான 8 பின் மின் இணைப்பு இருக்கும். அதன் பக்கத்தில் மின்னழுத்தச் சுற்றின் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க். வலப்பக்கம் ரேம் குச்சிகள்.

ரேமில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சாதாரணக் குச்சி ஏறக்குறைய 31 முதல் 34 மில்லிமீட்டர் உயரம். விளக்கெரியும் அலங்காரக் குச்சிகள் 40-ஐத் தாண்டும்; சில 55 வரை போகும். விளம்பரத் தாளில் இருக்கும் உயரத்தை எடுத்துக்கொள்ளாமல், குச்சியைச் சொருகிய பிறகு மதர்போர்டின் பரப்பிலிருந்து எஃகு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். மேல் துளைகளில் மாட்டும் விசிறியின் விளிம்பு மதர்போர்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கும் என்பதையும் அதே ஸ்கேலால் அளக்க வேண்டும். விலகல் ரேம் உயரத்தைவிட அதிகம் என்றால் பயமில்லை. குறைவு என்றால் ரேமை மாற்றுங்கள். விசிறியின் சட்டத்தை அறுத்து இடம் பண்ணுகிற வேலை வேண்டாம்.

8 பின் கம்பியை ரேடியேட்டர் மாட்டுவதற்கு முன்பே சொருகிவிடுங்கள். மாட்டிய பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது.

முன்னால் மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு

கேபினெட்டின் குறிப்பில் 330 மில்லிமீட்டர் கார்டு வரை போகும் என்று எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாத கணக்கு. 52 கழித்தால் 278. மூன்று விசிறி வைத்த இன்றைய கார்டுகள் பல 300-ஐத் தாண்டுகின்றன. கார்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சிறியதை வாங்குவதா, கூலரை மாற்றுவதா என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். சில கேபினெட்டுகளில் முன் முகப்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே விசிறி போகிற அளவு பள்ளம் இருக்கும். விசிறியை அந்தப் பள்ளத்திலும் ரேடியேட்டரை உட்பக்கமும் வைத்து, சட்டத்தை நடுவில் விட்டு ஸ்க்ரூ போட்டால் உள்ளே 25 மில்லிமீட்டர் மிச்சமாகும். ஸ்க்ரூ சட்டத்தின் தடிமனையும் தாண்டிப் போகும் நீளத்தில் இருக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது.

கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர் கேபினெட்டுகளில் பக்கவாட்டுத் தாங்கியில் 280 வரை மாட்ட வழி இருக்கிறது. அங்கே நீளத்தைவிட எஸ்எம்பிஎஸ் எனும் மின் வழங்கும் பெட்டியின் கம்பிகள்தான் தொல்லை. தடித்த கம்பிகளைப் பின்னால் ஒதுக்க இடமில்லாமல் ரேடியேட்டரின் மேல் அழுத்தி மூடிவிட்டால், விசிறி சிறகில் கம்பி உரசும்.

ஸ்க்ரூ

இந்த வேலையில் மற்ற தவறுகளையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். தவறான ஸ்க்ரூ போட்டால் கூலரே போய்விடும்.

ரேடியேட்டரோடு இரண்டு நீளத்தில் ஸ்க்ரூக்கள் வரும். விசிறியைத் துளைத்துக்கொண்டு போகும் நீளமானது ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். கேபினெட் தகட்டில் நேராக மாட்டும் குட்டையானது 5 அல்லது 6. 25 மில்லிமீட்டர் விசிறியில் 30 போட்டால் 5 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்குள் போகும், சரியான அளவு. இப்போது இடம் போதவில்லை என்று 15 மில்லிமீட்டர் மெல்லிய விசிறியை வாங்குகிறார்கள். அதே 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். 15 மில்லிமீட்டர் உள்ளே இறங்குகிறது. துளைக்கு நேர் பின்னால் தண்ணீர் ஓடும் தட்டையான அலுமினியக் குழல் இருக்கிறது. பல ரேடியேட்டர்களில் அதைக் காக்கத் தடுப்புத் தகடு கிடையாது. கொஞ்சம் இறுக்கம் தெரிந்ததும் இன்னும் பலமாகத் திருகினால் குழல் கிழிந்துவிடும். ஈரம் முதலில் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் சொட்டும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் விசிறித் துளையில் ஸ்க்ரூவை வெறுமனே செருகி, மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய விசிறிக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடைக்குப் போகும்போது பழைய ஸ்க்ரூ ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில நிறுவனங்கள் எம்3 என்ற மில்லிமீட்டர் மரை வைக்கின்றன, சில 6-32 என்ற அங்குல மரை வைக்கின்றன. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 6-32 துளையில் எம்3 ஆடும்; எம்3 துளையில் 6-32 மரையைத் தின்றுவிடும். கோவையில் எந்தப் பட்டறைத் தெருவிலும் மாதிரியைக் காட்டினால் சரியானதை எடுத்துத் தருவார்கள்.

காற்று எங்கே தங்கும்?

மூடிய லிக்விட் கூலர் எதிலும் கொஞ்சம் காற்று இருக்கும். ஆண்டுகள் போகப் போக ரப்பர் குழாய் வழியே திரவம் கசிந்து ஆவியாகி, காற்று இன்னும் கூடும். பெரும்பாலான கூலர்களில் பம்ப் ப்ராசசரின் மேல் உட்காரும் தலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பம்புக்குள் காற்று போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கிணற்று மோட்டார் காற்று இழுத்தால் தண்ணீர் ஏறாது, ஓட்டிக்கொண்டே இருந்தால் மோட்டார் கெடும் என்பது கொங்குநாட்டில் தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இங்கேயும் அதே கதைதான்.

காற்று உயரமான இடத்தில் போய்த் தங்கும். எனவே ரேடியேட்டரின் ஏதாவது ஒரு பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மேல் தகட்டில் மாட்டினால் கவலையே இல்லை. முன்னால் நிறுத்தி மாட்டினால் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்கள் கீழ்முனையில் வருவது நல்லது. காற்று மேல் தொட்டியில் அமைதியாகக் கிடக்கும். சிறிய கேபினெட்டில் கீழிருந்து வரும் குழாய் கிராபிக்ஸ் கார்டைச் சுற்றி வர நீளம் போதாமல் போகலாம். அப்போது குழாயை வலிந்து இழுக்காமல், குழாய் வரும் முனையை மேலே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சலசலப்பு கேட்டாலும் பம்புக்குக் கேடில்லை. கேபினெட்டின் அடித்தளத்தில் மட்டும் மாட்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் பம்ப் உச்சியில் நின்றுவிடும், காற்று முழுவதும் அங்கேதான் வந்து சேரும்.

புதிதாக ஓடும்போது முதல் சில நிமிடங்கள் கொடகொடவென்று சத்தம் வருவது இயல்பு. நாள் கணக்கில் தொடர்ந்தால், ஓடும்போதே கேபினெட்டை மெல்லச் சாய்த்து ரேடியேட்டர் உச்சியில் வரும்படி சற்று நேரம் பிடித்திருங்கள்.

நம் வெயிலும் நம் பஞ்சும்

தண்ணீர் ஓடுகிறது என்பதால் ப்ராசசர் அறையைவிடக் குளிர்ந்துவிடாது. ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று என்ன வெப்பமோ அதற்கு மேல்தான் எல்லாமே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் கோவையில் சரியாக ஓடிய கணினி, அதே அமைப்போடு சித்திரையில் கரூரில் திணறும். கரூர் பரமத்தியின் பெயர் கோடையில் வானிலைச் செய்தியில் அடிக்கடி வருவது சும்மா இல்லை. அறை 10 டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். இன்டெல் ஐ9-14900கே போன்றவை உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். 100 டிகிரியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு 240 ரேடியேட்டரை நெருக்கிப் பொருத்திவிட்டு ஈரோட்டுக் கோடையை எதிர்கொள்ள நினைப்பது சரியில்லை. ரைசன் 5 7600 போன்ற 65 வாட் ப்ராசசருக்கோ லிக்விட் கூலரே தேவையில்லை. நல்ல காற்றுக் கூலர் ஒன்று போதும், காசும் மிச்சம்.

திருப்பூரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கட்டிங் பகுதிக்குப் பக்கத்து அறையில் வைத்திருக்கும் கணினியின் முன் முகப்பைக் கழற்றிப் பார்த்தால், தூசி வடிகட்டியின் மேல் பஞ்சு ஒரே படலமாகப் படிந்திருக்கும். ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். வடிகட்டி இல்லாமல் மாட்டியிருந்தால் அந்தப் படலம் விசிறிக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். ரேடியேட்டரையே கழற்றாமல் அதை எடுக்க முடியாது. இடம் மிச்சம் பிடிக்க வடிகட்டியை எடுத்துவிடுவது அதனால்தான் தவறு. தையல் இயந்திரத்தை ஊதித் துடைக்கும் கம்ப்ரஸர் காற்றை நேராக ரேடியேட்டரில் காட்டுவதும் வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய ஈரமும் சேர்ந்து வரும். கையடக்க புளோயர் போதும், ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணினி மேசைகளில் கேபினெட்டுக்கென்று மரப் பலகையால் ஓர் அறை வைத்திருப்பார்கள். மேலே ரேடியேட்டர் மாட்டிய கேபினெட்டை அதற்குள் திணித்தால், வெளியே போன சூடான காற்று அங்கேயே சுற்றி மறுபடி உள்ளே வரும். மேற்புறம் ஒரு சாணாவது திறந்திருக்கட்டும்.

குழாய் வழித் திரவம் குறைந்துவிட்டது என்று மூடிய கூலரைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க இனிமையாக இருக்கலாம், இதற்கு ஆகாது. ரேடியேட்டர் அலுமினியம், ப்ராசசரைத் தொடும் தட்டு செம்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதைத் தடுக்கத்தான் திரவத்தில் மருந்து கலந்திருக்கிறார்கள். போர்வெல் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து தட்டின் நுண்ணிய வாய்க்கால்களே அடைத்துவிடும்.

மூடுவதற்கு முன் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா, பம்பின் கம்பி முழு வேகம் தரும் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, அறையின் வெப்பத்தையும் ப்ராசசரின் வெப்பத்தையும் ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்ளே ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலையைக் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் அப்படியே இருந்தால் கூடியது வெயில்தான். வித்தியாசமே கூடியிருந்தால் முதலில் பஞ்சைப் பாருங்கள், அடுத்து பம்பின் வேகத்தைப் பாருங்கள்.