தீராத கொலை வழக்கை வாசிப்பது எப்படி

கொன்றது யார் என்ற கேள்வியோடு பழைய கொலை வழக்கைத் திறக்காதீர்கள். அது கடைசிப் பக்கத்துக்கு உரிய கேள்வி. நான் வேலூரில் குற்றவியல் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சிப் பட்டியல், மகஜர், பிரேத விசாரணை அறிக்கை, சான்றுப்பொருள் சீட்டு என்று கட்டுக் கட்டாகத் தாள்களை வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. இப்போது சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். எல்லோரும் பழைய கொலை வழக்குகளில் பைத்தியமாக இருப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

இந்த மோகம் தவறு என்று நான் நினைக்கவில்லை. தீர்ப்பு எழுதப்பட்ட வழக்கில் கட்டைக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பிவிடுகிறோம். தீராத வழக்கில் நீதிபதியின் நாற்காலி காலியாகவே இருக்கிறது, படிக்கிற ஒவ்வொருவரும் அதில் போய் உட்கார்கிறோம். உட்காருங்கள். ஆனால் அந்த நாற்காலிக்கு உரிய ஒழுங்கோடு உட்காருங்கள்.

முதலில், கொன்றவர் யார் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வழக்கில் கையைப் பழக்குங்கள். வேலூர்க்காரர்களுக்கு அது கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. 1614 அக்டோபரில் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் இறந்தார். அண்ணன் மகன் ஸ்ரீரங்கனைத் தமக்குப் பின் அரசனாக்கியிருந்தார். ஜக்கராயன் என்ற பிரபுவின் தலைமையில் ஒரு கூட்டம் வேறொரு சிறுவனை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறை வைத்தது. ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற தளபதி யாசம நாயக்கர் ஒரு சலவைத் தொழிலாளியின் துணையோடு ஒரு மகனை மட்டும் வெளியே கடத்திக் காப்பாற்றினார். அரசர் ஸ்ரீரங்கனும் அரசியும் உயிரோடு வெளியே வரவில்லை.

'ஜக்கராயன் அரச குடும்பத்தைக் கொன்றான்' என்று சுருக்கமான வரலாறுகள் ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் பர்ராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1616-இல் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ஜக்கராயனின் தம்பி வந்து, நீயாகச் சாகாவிட்டால் குத்திக் கொல்வோம் என்று மிரட்ட, அரசரே மனைவியையும் இளைய பிள்ளைகளையும் வெட்டிவிட்டுத் தம் வாள்மேல் விழுந்தார் என்கிறது அது. ஆக, கொலையாளி தெரிந்த வழக்கிலேயே கட்டளை யாருடையது, வாள் யார் கையில் இருந்தது என்று இரண்டு தனிக் கேள்விகள் எழுகின்றன. பூட்டிய அறைக்குள் நடந்ததைப் பாதிரியாருக்குச் சொன்னது யார் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்து எழுதத் தெரிந்த பிறகுதான் பிள்ளைகளைத் தீராத வழக்குக்கு அழைத்துப் போகிறேன். கோட்டையில் 'இந்த அறையில்தான்' என்று விரல் நீட்டுபவர்களை மட்டும் கடந்து போய்விடுங்கள்.

இனி நோட்டுப்புத்தகம். இடப்பக்கம் 'அன்று எழுதியது', வலப்பக்கம் 'பிறகு சொன்னது'. வேறு எதுவும் வேண்டாம். நீதிமன்றத்தில் முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, குற்றவியல் நடுவரின் கைக்கு எப்போது வந்தது என்றுதான் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பார். இடையில் மணிக்கணக்கில் தாமதம் இருந்தால், அந்த நேரத்தில் கதை கட்டப்பட்டிருக்கலாம் என்பார். பழைய வழக்கிலும் அதே கண் வேண்டும்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை இந்த இரண்டு பக்கங்களில் போட்டுப் பாருங்கள். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சேற்றிய 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டார். உடனே இறந்துவிடவில்லை. வக்கீல் நண்பரைப் போய்ப் பார்த்தார், பிறகு மருத்துவமனைக்குப் போனார், மறுநாள்தான் உயிர் பிரிந்தது. குத்துப்பட்டவர் பேசும் நிலையில் இருந்த அந்த நேரம்தான் உங்கள் இடப்பக்கம். யாரிடம் பேசினார், என்ன சொன்னார், யார் எழுதிக்கொண்டார்கள் என்று தேடுங்கள். இறப்பவரின் வாக்குமூலத்துக்குச் சாட்சியச் சட்டம் தனி இடம் தருகிறது. அதில் இல்லாத பெயர் பின்னால் வழக்கில் முளைத்தால், எந்தத் தேதியில், யார் வாயிலிருந்து முளைத்தது என்று வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த வழக்கில் திரை நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் டிசம்பரில் கைதானார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களை ஒரே தாவலில் தாண்டிவிடாதீர்கள். 1945-இல் ஜூரியின் பெரும்பான்மை முடிவின்படி நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947-இல் நீதிபதிகள் ஹாப்பெலும் ஷகாபுதீனும் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவித்தார்கள். அதே ஆவணங்கள், அதே சாட்சிகள், இருவேறு முடிவுகள். பாகவதர் செய்தாரா இல்லையா என்று சண்டை போடுவதைவிட, எந்தச் சாட்சியை ஒரு நீதிமன்றம் நம்பியது, அதையே இன்னொன்று ஏன் தள்ளியது என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். குற்றத்தில் தானும் பங்கு என்று ஒப்புக்கொண்டு அப்ரூவராக மாறுபவரின் சாட்சியை வேறு ஆதாரம் துணை நின்றால்தான் நம்ப வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய நடைமுறை. அந்தத் துணை எங்கே என்று கேட்டாலே பாதி ஊகங்கள் உதிர்ந்துவிடும்.

இதே வழக்கில் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். இறந்தவருக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். லட்சுமிகாந்தன் வெறுக்கப்பட்ட மனிதர். பாகவதர்மேல் உள்ள அன்பில் நம் வீட்டுப் பெரியவர்கள், குத்துப்பட்டவரைக் கதையின் வில்லனாகவே பேசிவிட்டார்கள். அவர் எழுதியது அருவருப்பானது என்பதே என் எண்ணமும். ஆனால் கொலை வழக்கில் பாதிக்கப்பட்டவர் அவர்தான். அவர் அன்று எங்கே புறப்பட்டார், எதற்கு அஞ்சினார், யாரைப் பார்க்கப் போனார் என்பது தெரியாமல் அவரைக் கொன்றவரைத் தேட முடியாது. லண்டனில் ஜாக் த ரிப்பர் என்று அழைக்கப்பட்ட, பிடிபடாத கொலையாளியின் வழக்கிலும் இப்படித்தான். 1888-இல் கொல்லப்பட்ட மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐந்து பெண்களின் பெயரையும் சொல்லத் தெரியாதவர்கள், ஜாக் த ரிப்பர் யார் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

அந்த வழக்கிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காவல்துறை உயர் அதிகாரி மெக்னாட்டன் 1894-இல் எழுதிய குறிப்பில் மூன்று பேரைச் சந்தேகித்தார். அதிகாரி எழுதியது என்பதாலேயே பலர் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் காவல்துறையில் சேர்ந்ததே கொலைகளுக்கு அடுத்த ஆண்டு. மருத்துவர், வயது 41 என்று அவர் எழுதிய ட்ரூயிட் உண்மையில் வழக்கறிஞர், ஆசிரியர், இறக்கும்போது வயது 31. மற்றொருவரான ஆஸ்ட்ராக், அந்த மாதங்களில் பிரான்ஸில் சிறையில் இருந்தார் என்று பின்னாளில் தெரியவந்தது. முத்திரை பதித்த தாளாக இருந்தாலும் அது வலப்பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

தாளே இல்லாத காலத்துக்குக் கல். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை எடுக்காமல் எங்கள் பிள்ளைகள் விடுவதில்லை. தொடர்கதையில் படித்ததை முழுதாக ஒதுக்கிவிட்டு, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டின் அச்சுப் பாடத்தை வாசியுங்கள். அது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரம்மாதிராசன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை. அது நிலம் கைமாறியதற்கான ஆவணம், குற்றப்பத்திரிகை அல்ல. பின்னர் அரசரான உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு, இல்லை என்று அறிஞர்கள் வாதிட்டதெல்லாம் அந்த மௌனத்தின்மேல்தான். கல்வெட்டு வாசிக்கப் பழக வேலூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். காட்பாடியைத் தாண்டிப் பொன்னை ஆற்றங்கரையில் இருக்கும் மேல்பாடிக்குப் போங்கள். ஆற்றூரில் இறந்த தம் பாட்டனார் அரிஞ்சயருக்கு ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அங்கே நிற்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் தெளிவாகத் தெரியும். சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம், கல் கெட்டுவிடும்.

இப்போது கடைசிப் பக்கம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஒரு செய்தியை மூன்று விதமாகப் பார்த்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. ஒவ்வொரு சந்தேக நபரின் பெயருக்கு எதிரிலும் இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இளையவர்களுக்கு மூன்றாவதை எழுதக் கை வராது. 'அம்மா, இவ்வளவு படித்தும் இதைத்தான் எழுத வேண்டுமா' என்று மனம் வெதும்பிக் கேட்பார்கள். ஆமாம், அதைத்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டு, எந்த ஒரு தாள் கிடைத்தால் இதை மாற்றுவேன் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அந்த வரிதான் அவர்களை மறுபடி நூலகத்துக்கு அனுப்புகிறது.

அடுத்த மாதம் எடுக்கப்போவது, சென்னை நியூயிங்டன் மாளிகையில் 1919-இல் சுட்டுக் கொல்லப்பட்ட டெ லா ஹே வழக்கு. ஜமீன் சிறுவர்கள் படித்த பள்ளியின் முதல்வர் அவர். மாணவர்களில் ஒருவர் அப்ரூவரானார், விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். வருகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டு வாருங்கள்: துப்பாக்கி யாருடையது, சத்தம் கேட்டு முதலில் அறைக்குள் போனது யார்.