வீட்டுத் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி போடலாம்?

வீட்டில் தக்காளி வளர்ப்பதற்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு காரணம்தான், ருசி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நிறையப் பேர் மாடியில் செடிப் பை வைத்தார்கள், விலை இறங்கியதும் விட்டுவிட்டார்கள். காசை மிச்சம் பிடிக்க என்று ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும். ருசிக்காக என்று ஆரம்பிக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது மண்ணையோ உரத்தையோ இல்லை, ரகத்தை. கடையில் கிடைக்கிற அதே ஆப்பிள் தக்காளியை நாமும் மாடியில் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, மூன்று மாதம் காத்திருந்து பறிப்பதில் என்ன இருக்கிறது? அது ராயக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் கிரேட்டில் அடுக்கி லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போவதற்கென்றே வந்த பழம். தோல் தடிப்பு, சதை கெட்டி, ஒரு வாரம் வைத்தாலும் அசையாது. நம் வீட்டுத் தக்காளி மாடியிலிருந்து அடுப்படி வரைக்கும் வந்தால் போதும்.

நல்ல ருசியுள்ள தக்காளியைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றி, அதாவது தோள்பட்டைப் பக்கம், மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டு ரகங்களில் பெரும்பாலும் இருக்கும். பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பச்சைத் தோள் இல்லாத செடிகளாகவே பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் 2012-ல் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: அந்தச் சீரான நிறத்தைத் தரும் மரபணு மாற்றம், காய்க்குள் இருக்கும் பச்சையத்தைக் குறைத்து, கூடவே சர்க்கரையையும் குறைத்துவிடுகிறது. ஆக, தோளில் கொஞ்சம் பச்சையோ மஞ்சளோ தங்கிய பழத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

நான் முதலில் சொல்வது பி.கே.எம். 1. தேனி பக்கத்து அன்னஞ்சி ஊர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றம், செய்து உருவாக்கியது. சப்பையான உருண்டை, தோளில் நல்ல பச்சை, கையில் பிசைந்தால் சாறு வழியும், புளிப்பு தூக்கலாக இருக்கும். ரசத்துக்கு இதைவிட நல்ல தக்காளி எனக்குத் தெரியாது, இரண்டு பழத்தைக் கரைத்துவிட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். செடி அடக்கமாகப் புதர் மாதிரி நிற்கும் என்பதால் 12 அங்குலப் பை போதும், ஒரே ஒரு குச்சி நட்டுக் கட்டினால் ஆயிற்று. விதைத்ததிலிருந்து சுமார் 135 நாளில் ஆட்டம் முடிந்துவிடும். குறை என்றால் இலைச்சுருட்டு நோய்தான். அதைப் பரப்பும் வெள்ளை ஈ அதிகமுள்ள இடத்தில் இந்தச் செடி தாங்காது.

அடுத்தது பூசா ரூபி, டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய ரகம். இது படரும் வகை, ஐந்தாறு அடி உயரத்துக்குக் கயிறோ பந்தலோ வேண்டும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ரொம்ப நாள் காய்க்கும். தினம் நாலு பழம் கிடைத்தால் போதும் என்கிற வீட்டுக்கு இதுதான் சரி. பி.கே.எம். 1 அப்படி இல்லை, அது மொத்தமாகப் பழுக்கும், தொக்கு போடுகிறவர்களுக்கு வசதி.

இலைச்சுருட்டால் ஒவ்வொரு தடவையும் செடியைப் பறிகொடுக்கிறவர்கள் அர்கா ரக்‌ஷக் வாங்கிப் போடுங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது, இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். பழம் ஒவ்வொன்றும் 90 கிராம் அளவுக்கு வரும். ருசியில் நாட்டுத் தக்காளிக்குப் பக்கத்தில் வராது, புளிப்பு குறைவு, சதை அதிகம். குருமாவுக்கும் சட்னிக்கும் நன்றாக இருக்கும், ரசத்துக்குப் புளி சேர்த்துத்தான் ஆக வேண்டும். அதே நிறுவனத்தின் அர்கா விகாஸ் ஒட்டு ரகம் இல்லை, அமெரிக்க ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்தது, லேசான பச்சைத் தோளும் உண்டு. பெரிய பழமும் வேண்டும், விதையும் எடுத்து வைக்க வேண்டும் என்றால் இதைப் போடலாம்.

கன்னியாகுமரி மாதிரி மழையும் ஈரமும் அதிகமுள்ள, அமிலத்தன்மையுள்ள செம்மண் பகுதியில் இருப்பவர்களுக்குப் பெரிய எதிரி பாக்டீரியா வாடல். காலையில் நன்றாக இருந்த செடி, இலை மஞ்சள்கூட ஆகாமல், பச்சையாகவே தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றுவோம், பலன் இருக்காது. சந்தேகம் வந்தால் தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான் நோய். மருந்து தேட வேண்டாம், செடியையும் அந்த மண்ணையும் அப்புறப்படுத்திவிட்டு, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, அனகா ரகங்களுக்கு மாறுங்கள். இரண்டும் இந்த வாடலைத் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுத்தவை.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு செர்ரி தக்காளி கட்டாயம் இருக்கட்டும். பங்குனி வெயிலில் பெரிய தக்காளி பூவை உதிர்க்கும்போதும் இது ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் காடு மாதிரி வளரும், பழைய பெயின்ட் வாளி அளவாவது வேண்டும்.

சரி, எப்போது விதைப்பது? ரகத்துக்கு அடுத்தபடி எல்லாமே இதில்தான் இருக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் மகரந்தம் செத்துப்போகும், பூ காம்போடு உதிரும். கத்திரி வெயிலில் செடி தளதளவென்று நின்று ஒரு காய்கூட இல்லை என்றால் உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோரத்துக்கு நான் சொல்வது, ஐப்பசிக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, பெருமழை ஓய்ந்ததும் பைக்கு மாற்றுவது. மார்கழி, தை மாத இரவுக் குளிரில் பூத்து, மாசி, பங்குனியில் பறிக்கலாம். கோவை, திண்டுக்கல், தேனி பக்கம் ஆடிப் பட்டமும் நன்றாக வரும்.

நாற்று 25 நாள் ஆனதும் சாயங்காலம் பார்த்து நடுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிடலாம். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை, பூக்க ஆரம்பித்ததும் பத்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும்.

வெள்ளை ஈயை நாற்றிலேயே தடுக்க வேண்டும். நாற்றுத் தட்டைக் கொசுவலையால் மூடி வையுங்கள், பைக்கு மாற்றிய பிறகு மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் ஈ அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். இலை சுருண்டு, செடி குட்டையாகிவிட்டால் பாவம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், ஒன்றை விட்டுவைத்தால் பக்கத்துச் செடிகளுக்கும் ஈ அதைக் கொண்டுபோகும்.

கவாத்து, அதாவது கிளை கிள்ளும் விஷயத்தில் ரகத்தைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பி.கே.எம். 1-ல் பக்கக் கிளையைக் கிள்ளினால் காயைக் கிள்ளுகிற மாதிரி, தரையில் படும் இலைகளை மட்டும் எடுங்கள். பூசா ரூபி, செர்ரி இரண்டிலும் இலைக்கும் தண்டுக்கும் இடையில் வரும் துளிரை விரல் நீளம் ஆகும் முன்னே காலையில் ஒடித்துவிட்டால் பட்டென்று வந்துவிடும். விரலில் பச்சைக் கறை ஏறி, அந்தத் தக்காளி இலை வாசம் கழுவினாலும் லேசில் போகாது. எனக்கு ரொம்பப் பிடித்த வாசம் அது.

பழத்தின் அடியில் கறுத்து அழுகினால் பூச்சி என்று மருந்து அடிக்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து பழத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இது வரும். முட்டை ஓட்டுத் தூள் மக்கிச் சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும், அதை மண் கலக்கும்போதே போட்டுவிட வேண்டும். வெயில் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் அளவாக ஊற்றி, பையின் மேல் காய்ந்த இலை பரப்பினால் தானாகச் சரியாகும்.

அணிலும் கொண்டைக்குருவியும் பழுக்கிற வரை காத்திருக்காது. காயின் அடியில் ரோஜா நிறம் படர ஆரம்பித்ததும் பறித்து, அடுப்படியில் வெயில் படாத கூடையில் வைத்தால் நன்றாகப் பழுக்கும், ருசியும் குறையாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் தக்காளியின் மணம் போய்விடும்.

விதை எடுப்பது ஒட்டு ரகம் தவிர மற்ற எல்லாவற்றிலும் முடியும். ஒட்டு ரக விதையைப் போட்டால் செடி வரும், ஆனால் அதே பழம் வராது. நோயில்லாத செடியில் இரண்டாவது, மூன்றாவது கொத்தில் நல்ல பழமாகப் பார்த்துச் செடியிலேயே முழுக்கப் பழுக்க விடுங்கள், அணிலுக்குப் பயந்து ஒரு துணிப்பையைக் கட்டிவிடலாம். சாறோடு விதையை டம்ளரில் பிழிந்து இரண்டு நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரையும், அது இருந்தால் முளைப்பு தடைபடும். நாலைந்து தடவை அலசி, மிதக்கும் விதையைக் கொட்டிவிட்டு, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. காய்ந்ததும் உறையில் போட்டு ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் மூன்று வருடம் வரை தாராளமாக முளைக்கும்.