டொலேடோவில் ஒரு நாள்: ஏறுவதற்கு எஸ்கலேட்டர், இறங்குவதற்குக் கால்

மாட்ரிட்டின் அடோச்சா ஸ்டேஷனிலிருந்து டொலேடோவுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

பழைய நகரம் குன்றின் மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு. வெயிலில் ஏறினால் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். பிசாக்ரா வாசலுக்குப் பக்கத்தில் இலவச எஸ்கலேட்டர் உண்டு, அதில் ஏறுங்கள். தெருவெல்லாம் கூழாங்கல் பாவியது. தடித்த அடிப்பாகமுள்ள ஷூ அவசியம்.

கதீட்ரல் பார்த்தபின் சாந்தோ தோமே தேவாலயம். அங்கே எல் கிரெகோ வரைந்த ஓர்காஸ் பிரபுவின் அடக்க ஓவியத்தில், இடது கீழே பந்தம் பிடித்த சிறுவனைக் கவனியுங்கள். ஓவியரின் மகன் அவன். சட்டைப்பையில் எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த வருஷம்! எனக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். அப்புறம் அப்படியே மேற்கே சரிவில் இறங்கினால் சான் மார்ட்டின் பாலம்.